பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், பாடங்களை?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் நான்காண்டு உயிரித் தொழில்நுட்பப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. அவருடைய பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. ஏழாவது செமஸ்டரை வெளியே போய்ப் படித்துவிட்டு வர ஆசைப்படுகிறார். விண்ணப்பிக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. படிவத்தில் மூன்று விருப்பங்கள் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் உள்ள பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டு கட்டங்களைக் காலியாக விட நினைக்கிறார். பட்டியலில் ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றும் உண்டு, "ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது" என்கிறார்.

பயங்கள் பல. மதிப்பெண் வகுப்பில் நடுத்தரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இரண்டாம் செமஸ்டரில் கணிதத்தில் தோற்று, மறுபடி எழுதித் தேறியிருக்கிறார். அதை மறைக்க முடியுமா என்று கேட்கிறார். அண்ணனுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர், பணம் கொடுத்தால் இடம் உறுதி, ஏன் போக விரும்புகிறேன் என்று விளக்கும் விருப்பக் கடிதத்தையும் தானே எழுதித் தருகிறேன் என்கிறாராம். அப்பாவிடம் "எல்லாமே இலவசம்" என்று சொல்லி வைத்திருக்கிறார். துறைத் தலைவரிடம் கேட்டதற்கு "போயிட்டு வாம்மா, கிரெடிட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாராம். போன வருடம் முதல் மனப் பதற்றத்துக்கு மாத்திரை எடுத்து வருகிறார். உடல்நலப் படிவத்தில் அதை எழுதவே கூடாது என்கிறாள் தோழி. கடைசியாக ஒரு வரி: "அங்கே ஒரு தடவை காலை வைத்துவிட்டால் திரும்பி வராமல் மாஸ்டர்ஸ் வரை படித்துவிடலாமோ என்றும் தோன்றுகிறது. இது தப்பா?"

என் பதில்

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். அந்த ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே போய் நீங்கள் படிக்கப்போகும் ஒரு பாடத்தின் பெயர்கூட எங்கும் வரவில்லை. பல்கலைக்கழகத்தின் பன்னாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் இருந்துகொண்டு இந்த மாதிரி விண்ணப்பங்களைப் படிப்பதுதான் என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: உங்கள் மதிப்பெண்ணைவிட, தோற்ற அந்தக் கணிதத் தாளைவிட, உங்கள் விண்ணப்பத்தைப் பலவீனமாக்கக்கூடியது இந்தக் குறைதான். நல்லவேளை, ஏழு வாரத்தில் சரிசெய்துவிடக்கூடியதும் இது ஒன்றுதான்.

முதலில் அடிப்படை ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பரிமாற்றம் என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தில் 'அட்மிஷன்' வாங்குவது போலவே நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது வேறு ஏற்பாடு. நீங்கள் கடைசிவரை உங்கள் பல்கலைக்கழகத்து மாணவிதான். உங்கள் பட்டத்தின் ஒரு செமஸ்டரை இன்னோர் இடத்தில் படிக்கிறீர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களும், உன் மாணவர் இத்தனை பேர் இங்கே வரட்டும், என் மாணவர் இத்தனை பேர் அங்கே வருவார்கள், அவரவர் கட்டணத்தை அவரவர் இடத்திலேயே கட்டட்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அதனால்தான் இடங்கள் குறைவு. ஒரு துறைக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ என்றிருப்பதும் சாதாரணம்.

இதிலிருந்து உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் வருகிறது. உங்களைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாக உங்கள் பல்கலைக்கழகமே. அது பெயரை முன்மொழிந்து அனுப்பினால் (நாமினேஷன் என்பார்கள்), எதிர்ப்பக்கம் மொழித் தகுதியையும் பாடப் பொருத்தத்தையும் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் உங்களுக்குப் போட்டி உலகம் முழுவதும் அல்ல, அதே ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கும் உங்கள் சக மாணவர்கள். அவர்களில் பாதிப்பேர் உங்களைப் போலவே அந்த ஒரே பெரிய பெயரை எழுதியிருப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாடப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் ஏழாவது செமஸ்டர் சிலபஸை எடுத்து ஒரு பக்கம் வையுங்கள். கட்டாயப் பாடம் எவை, விருப்பப் பாடம் எவை, ஆய்வகம் எது என்று பிரியுங்கள். அடுத்து அந்த ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தின் பாட விவரத் தொகுப்பைத் திறந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: எந்த மொழியில் நடத்துகிறார்கள், குளிர்கால செமஸ்டரில் உண்டா அல்லது கோடையில் மட்டுமா, முன்கூட்டியே படித்திருக்க வேண்டியவை என்னென்ன, பரிமாற்ற மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா. நாலாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆய்வகப் பாடங்களில் இருக்கை குறைவாக இருக்கும். சில இடங்களில் முதலில் சொந்த மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியைத்தான் வெளியாருக்குத் தருவார்கள்.

மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மனியில் ஆங்கிலவழிப் பாடங்கள் முதுநிலையில் அதிகம், இளநிலையில் குறைவு. "ஆங்கிலத்தில் பாடங்கள் உண்டு" என்று பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கம் சொல்வதும், உங்கள் துறையில், உங்கள் நிலையில், அந்தக் குறிப்பிட்ட செமஸ்டரில் நான்கைந்து பாடங்கள் ஆங்கிலத்தில் கிடைப்பதும் ஒன்றல்ல. இதைப் பார்த்து முடிக்கும்போது, யாருக்கும் தெரியாத அந்த ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு ஏற்ற பாடங்கள் கூடுதலாக இருக்கின்றன என்று தெரியவரலாம். வராமலும் போகலாம். ஆனால் பார்க்காமலே அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது, முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் எனக்கு ஒன்றுமே வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதுதான். தேர்வுக் குழு அதை அப்படியேதான் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது கிரெடிட், அதாவது ஒரு பாடத்தை முடித்தால் பட்டத்துக்கான கணக்கில் சேரும் புள்ளி. உங்கள் கடிதத்தில் மிகவும் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. நீங்களோ இதற்குத்தான் கவலையே படவில்லை. கிரெடிட் தானாக வந்து சேராது. எண்ணுக்கு எண் சமமும் கிடையாது. ஐரோப்பாவின் பொதுக் கிரெடிட் முறையான இசிடிஎஸ்ஸில் ஓராண்டுக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். ஜப்பானில் ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி நேரம் என்று கணக்கு. ஆக, ஜப்பானில் 2 கிரெடிட் உள்ள பாடத்துக்கு 90 மணி நேரம். அதுவே ஐரோப்பாவில் 3 கிரெடிட்டோ அதற்குச் சற்று மேலோ ஆகும். உங்கள் பல்கலைக்கழகம் வாராந்திர வகுப்பு மணிகளை மட்டும் வைத்துக் கிரெடிட் போடுகிறது என்றால் கணக்கு இன்னும் வேறாகும். "அங்கே 6 கிரெடிட், இங்கே 4 தானே, மிச்சம்கூட வருமே" என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இதற்கென்றே இருப்பதுதான் படிப்பு ஒப்பந்தம், லேர்னிங் அக்ரிமென்ட். அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று அதில் எழுதி, நீங்கள், உங்கள் பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் துறைத் தலைவர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றது நல்ல மனதோடுதான் இருக்கும். ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அந்தப் பேச்சு தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எழுத்தில் இருந்தால்தான் அது உங்கள் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ்+ என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் வருவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் எழுதிய பாடங்களில் தேறியபின் அவற்றை முழுமையாக ஏற்றுக்கொள்வது அனுப்பிய பல்கலைக்கழகத்தின் கடமை. உங்கள் ஒப்பந்தம் அந்த வகையா, இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தனி ஒப்பந்தமா என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் பரிமாற்ற ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கான பதில் பணம், உரிமை இரண்டையும் தீர்மானிக்கும்.

நான்கு பாடம் வேண்டுமென்றால் ஆறேழு பாடங்களுக்குத் துறையின் ஒப்புதலை வாங்கி வையுங்கள். போய் இறங்கியபின் இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதும், ஒன்றில் இடம் நிரம்பியிருக்கும், ஒன்றை அந்த வருடம் நடத்தவே மாட்டார்கள். நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். மாற்றம் செய்ய வழி உண்டு, ஆனால் முதல் சில வாரங்களுக்குள் செய்து, மறுபடி எல்லாத் தரப்பின் சம்மதத்தையும் வாங்கியாக வேண்டும்.

மதிப்பெண் மாற்றும் விதியையும் இப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி. மாற்றும் சூத்திரம் எது என்று முன்பே முடிவாகாவிட்டால், 1.3 வாங்கிப் பெருமையோடு வரும் பிள்ளையை "என்னம்மா இவ்வளவு கம்மியா" என்று கேட்கும் அலுவலகங்களும் இருக்கத்தான் செய்கின்றன. சில பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை மாற்றாமல் 'தேர்ச்சி' என்று மட்டும் பதிவுசெய்து சராசரியில் சேர்க்காமல் விடும். உங்களுக்கு எது நல்லது என்பது நீங்கள் அங்கே எவ்வளவு வாங்குவீர்கள் என்பதைப் பொறுத்தது. அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது, ஆனால் விதி என்னவென்று தெரிந்திருப்பது நல்லது.

நாட்காட்டி மோதல்

ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவரை போகும். தேர்வுகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரும். உங்கள் எட்டாவது செமஸ்டர் ஜனவரியில் தொடங்குவதாக இருந்தால் இரண்டும் நேராக மோதுகின்றன. இறுதியாண்டுப் புராஜெக்ட், வேலைக்கான வளாகத் தேர்வு எல்லாம் அந்த மாதங்களில்தான் இருக்கும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது; இரண்டாம் செமஸ்டர் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்துப் பிப்ரவரி வாக்கில் முடியும். அங்கேயும் மோதல் உண்டு, ஆனால் சில வாரங்கள் குறைவு.

மோதினால் வழியே இல்லை என்று சொல்லவில்லை. புராஜெக்ட்டை ஒரு மாதம் தாமதமாகத் தொடங்க வழிகாட்டி சம்மதிப்பாரா, வருகைப் பதிவில் விலக்கு உண்டா, ஜெர்மனியில் தேர்வை முன்கூட்டி எழுத அந்தப் பேராசிரியர் விடுவாரா என்று மூன்று இடத்தில் கேட்க வேண்டும். மூன்றுமே இல்லை என்றால் ஒரு செமஸ்டர் தள்ளிப் பட்டம் வாங்கத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், அரை வருடம் தள்ளிப்போவது பெரிய நஷ்டமில்லை. ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் மின்னஞ்சலில் வந்து இடிக்கும் செய்தியாக இருக்கக் கூடாது.

தோற்ற தாளும் ஏஜென்ட்டும்

கணிதத் தாளை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். மதிப்பெண் பட்டியல் உங்கள் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. தேர்வு செய்பவர்களும் அவர்களே. தேறிவிட்ட பழைய அரியர் ஒன்று பெரும்பாலும் யாரையும் தடுப்பதில்லை. ஒப்பந்தத்திலேயோ உங்கள் பல்கலைக்கழக விதியிலேயோ "நிலுவைத் தாள் இருக்கக் கூடாது" என்று இருந்தாலும், இப்போது நிலுவை இல்லை என்பதுதான் பொதுவாகப் பொருள். "எந்தத் தாளிலும் தோற்றிருக்கக் கூடாது" என்றே எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கவலையை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். கடிதத்தில் அதற்கு விளக்கம் எழுதிப் பத்தி நிரப்ப வேண்டாம். நேர்காணலில் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரிமாற்ற இடத்துக்கு உங்கள் பல்கலைக்கழகம் மட்டுமே முன்மொழிய முடியும். வெளியில் இருக்கும் ஒருவரால் எப்படி "உறுதி" கொடுக்க முடியும்? ஒருவேளை அவர் சொல்வது வேறு ஒன்றாக இருக்கலாம்: ஒப்பந்தத்துக்கு வெளியே, முழுக் கட்டணமும் கட்டி ஒரு செமஸ்டர் படிக்கும் ஏற்பாடு. அதுவும் சட்டப்படியானதுதான். ஆனால் கட்டண விலக்கும் கிடையாது, கிரெடிட்டை ஏற்க வேண்டிய கடமையும் யாருக்கும் கிடையாது. பணமோ பாஸ்போர்ட்டோ கைமாறுவதற்கு முன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஒருங்கிணைப்பாளரைப் பார்த்துவிடுங்கள். அண்ணன் முகம் கோணாமல் விஷயம் முடிய அதுதான் வழி.

அவர் எழுதித் தரும் விருப்பக் கடிதமும் வேண்டாம். "உலகத் தரம் வாய்ந்த கல்வி, பன்முகக் கலாசார அனுபவம், என் சிறுவயதுக் கனவு" என்று தொடங்கும் கடிதங்களில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றினால் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். குழுவில் இருப்பவர்கள் அதை இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நீங்கள் இப்படி எழுதிப் பாருங்கள்: பயோரியாக்டர் வடிவமைப்பை இங்கே கோட்பாடாகப் படித்தேன், இயக்கிப் பார்க்கும் ஆய்வகம் எங்கள் துறையில் இல்லை, அங்கே குளிர்கால செமஸ்டரில் அந்த ஆய்வகப் பாடம் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு வந்தால் என் இறுதியாண்டுப் புராஜெக்ட்டை இந்தத் தலைப்பில் செய்வேன். உங்கள் உண்மையான காரணம் வேறாக இருக்கலாம். அதை இதே மாதிரி பிடிமானத்தோடு சொல்லுங்கள். பாடப் பட்டியலில் வேலை செய்தவருக்கு இந்தக் கடிதம் ஒரு மாலையில் வந்துவிடும். செய்யாதவருக்கு எத்தனை வாரம் உட்கார்ந்தாலும் வராது.

அப்பாவிடம் சொல்ல வேண்டிய கணக்கு

"எல்லாமே இலவசம்" என்று சொன்னதைச் சீக்கிரம் திருத்திவிடுங்கள். விலக்கு கிடைப்பது அங்குள்ள கல்விக் கட்டணத்துக்கு மட்டும். உங்கள் பல்கலைக்கழகத்தில் கட்ட வேண்டியதை வழக்கம்போல் கட்டுவீர்கள். விமானம், விசா, காப்பீடு, வாடகை, அறைக்கான முன்பணம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் உங்கள் செலவு. ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் நலச் சேவைகளுக்கென்று ஒரு செமஸ்டர் பங்களிப்புத் தொகை வாங்குகிறார்கள். பரிமாற்ற மாணவருக்கும் அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அப்பா அதிர்ச்சி அடையப்போவது அங்கேதான். ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்கும்போது, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இந்தத் தொகையை மாதத்துக்கு 992 யூரோ, ஓராண்டுக்கு 11,904 யூரோ என்று உயர்த்தினார்கள். அவ்வப்போது உயரும் தொகை இது, அதனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் இதை முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டு வைக்கிறார்கள். அங்கே போனபின் மாதாமாதம் அளவாகத்தான் எடுக்க முடியும். அப்பாவுக்கு இது செலவாகத் தோன்றும். உண்மையில் உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உள்ள பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிக் காட்டுவதுதான். ஆனாலும் அத்தனையும் ஒரே நேரத்தில் கையில் இருந்தாக வேண்டும் என்பது உண்மை. எத்தனை மாதத்துக்குக் காட்ட வேண்டும் என்பதை உங்கள் அனுமதிக் கடிதத்திலுள்ள கால அளவை வைத்துத் தூதரகத்திடமே கேளுங்கள்.

உதவித்தொகை கிடைத்தால் இந்தத் தேவை குறையலாம், முழுவதும் நீங்கவும் செய்யலாம். எராஸ்மஸ்+ ஒப்பந்தத்தில் உதவித்தொகையோடு கூடிய இடம், உதவித்தொகை இல்லாத இடம் என்று இரண்டும் இருக்கக்கூடும். எது உங்களுக்கு என்று முன்மொழியும்போதே எழுத்தில் வாங்குங்கள். பொதுவாகப் பெரும்பகுதி முதலிலும் மீதி திரும்பி வந்தபின்னும் வரும். முதல் தவணைகூட நீங்கள் டிக்கெட் வாங்கும் நாளுக்குள் வந்து சேரும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். பகுதிநேர வேலையால் சமாளித்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை வேலை செய்ய அனுமதி உண்டு, ஜப்பானில் தனி அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வரை செய்யலாம். ஆனால் மொழி தெரியாமல், நான்கைந்து மாதம் மட்டும் இருக்கப்போகும் ஒருவருக்கு வேலை கிடைப்பதே கஷ்டம். கிடைத்தால் கைச்செலவுக்கு ஆகும், வாடகைக்கு அதை நம்ப முடியாது.

இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். மொத்தம் பெரிதாகத்தான் வரும். மறுக்கவும் கூடும். பிறகு தெரியவந்து பாதியில் நிற்பதைவிட இப்போதே மறுப்பது நல்லது. உதவித்தொகை உள்ள இடத்துக்கு மட்டும் விண்ணப்பிப்பது என்று அவரோடு சேர்ந்தே முடிவெடுக்கலாம்.

விசா வரிசை

சுருக்கமாகச் சொல்கிறேன். முன்மொழிவு, அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் விண்ணப்பம், அனுமதிக் கடிதம், விசா, அதன்பிறகு டிக்கெட். இந்த வரிசை மாறக் கூடாது. முன்மொழிவு வந்ததும் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, தூதரகத்தில் நேரம் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. 90 நாளுக்கு மேல் தங்குவதால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா போதாது, ஜெர்மனியின் தேசிய விசா வேண்டும். ஜப்பானுக்கு என்றால் தகுதிச் சான்றிதழ் ஒன்றை அந்தப் பல்கலைக்கழகம் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பித்து வாங்கி அனுப்பும். அதற்கே ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். பாஸ்போர்ட் காலாவதித் தேதியை இன்றைக்கே பாருங்கள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தகுதித் தேர்வு மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜெர்மனியில் வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். ஆகவே பதிவுக்கு உதவாத, வாய்மொழியாகக் கிடைக்கும் அறைகளை எடுக்காதீர்கள்.

மாத்திரையைப் பற்றி

தோழி உங்கள் நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பாள், ஆனாலும் இதில் அவள் பேச்சைக் கேட்க வேண்டாம். 'படிவம்' என்று நீங்கள் சொல்வது மூன்று வகையாக இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

தேர்வுக்கான விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்வி இல்லையென்றால் நீங்களாக முன்வந்து எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அது உங்கள் அந்தரங்கம். தேர்வான பிறகு, உதவி ஏற்பாடுகளுக்காகப் பல்கலைக்கழகம் கேட்கும் படிவம் இரண்டாவது. அதில் சொன்னால் உங்களுக்குத்தான் லாபம்: ஆலோசகர், அவசரத் தொடர்பு, தேவைப்பட்டால் தேர்வில் சலுகை. மூன்றாவது காப்பீட்டுப் படிவம். ஏற்கெனவே உள்ள நோய் என்ன என்று அதில் நேரடியாகக் கேட்டிருந்தால் உண்மையை எழுதியே ஆக வேண்டும். மறைத்தது பின்னால் தெரியவந்தால், உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் பணம் தர மறுக்க அதுவே அவர்களுக்குக் காரணமாகிவிடும். ஜெர்மனியில் பொதுவாக 30 வயதுக்குள் உள்ள மாணவர்கள் அரசு முறை மருத்துவக் காப்பீட்டில் சேரவோ, அதிலிருந்து முறையாக விலக்குப் பெறவோ வேண்டியிருக்கும். ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். அது சிகிச்சைச் செலவில் 70 சதவீதத்தை ஏற்கும்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தைத் தொடர்வது, மாற்றுவது எல்லாம் உங்கள் மருத்துவரோடு பேச வேண்டியவை. ஆனால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான் சொல்ல முடியும்: என் மாத்திரை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தா? பதற்றத்துக்குத் தரும் மருந்துகளில் சில வகைகள் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஜெர்மனிக்கு அவற்றை எடுத்துச் செல்ல மருத்துவர் சான்று வேண்டும். 30 நாளுக்கு மேற்பட்ட அளவு கொண்டுபோக முடியாது. ஜப்பான் இன்னும் கண்டிப்பு. பொதுவாக மருந்துச் சீட்டு மருந்து எதுவானாலும் ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும், மற்ற நாடுகளில் சாதாரணமாகத் தரும் சில மருந்துகளுக்கு அங்கே முழுத் தடையே உண்டு. ஒரு செமஸ்டருக்கான மாத்திரையையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருந்தால், அது நடக்காது. அங்கே போய் யாரிடம் சீட்டு வாங்குவது என்பதைக் கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். சிகிச்சையில் இருப்பதே போகாமல் இருக்கக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. புது ஊரில், குளிர்காலத்தில், தெரிந்த முகம் இல்லாமல் இருக்கும் மாதங்களுக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வைத்துக்கொண்டு போனால் போதும்.

திரும்பாமல் இருந்துவிடலாமா?

நினைப்பது தப்பில்லை. ஆனால் வழி அதுவல்ல. பரிமாற்ற மாணவிக்கு அங்கே பட்டம் கிடைக்காது. ஜெர்மனியில் முதுநிலையில் சேர இளநிலைப் பட்டம் வேண்டும், அதை நீங்கள் திரும்பி வந்து எட்டாவது செமஸ்டரை முடித்தால்தான் உங்கள் பல்கலைக்கழகம் தரும். திரும்பாமல் போனால் கையில் பட்டமும் இருக்காது, விசாவின் நோக்கமும் முடிந்திருக்கும். அதோடு, உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கான ஒப்பந்தமும் ஆட்டம் காணும். விருப்பக் கடிதத்திலோ விசா நேர்காணலிலோ இந்த எண்ணத்தின் சாயல் வந்தாலும் கேள்வி எழும்.

அங்கே இருக்கும் மாதங்களில் அதற்கான அடித்தளத்தைப் போடலாம். ஒரு பேராசிரியருக்கு உங்கள் வேலை தெரியும்படி படியுங்கள், முதுநிலைச் சேர்க்கைக்கு என்ன கேட்கிறார்கள் என்று துறை அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள், மொழியை அடிப்படை அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கியபின் முறையாக விண்ணப்பிக்கும்போது அந்தப் பேராசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்துக்கு எடை இருக்கும்.

இந்த ஏழு வாரத்தை இப்படிப் பிரிப்பேன். முதல் இரண்டு வாரம் மூன்று பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலுக்கும் நாட்காட்டிக்கும். மூன்றாம் வாரம் அந்த அட்டவணையோடு துறைத் தலைவரைப் பாருங்கள். "கிரெடிட் தருவீர்களா" என்று மட்டும் கேட்காமல், "இந்தப் பாடத்துக்கு இந்தப் பாடம் ஈடாகுமா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முடிவை மின்னஞ்சலில் வாங்குங்கள். அதே வாரம் அப்பாவிடம் கணக்குத் தாள். பிறகு விருப்பக் கடிதம், பரிந்துரைக் கடிதம். கடைசி வாரத்தை இணையதளம் முடங்குவதற்காக ஒதுக்கி வையுங்கள், கட்டாயம் முடங்கும்.

முதல் பட்டியலில் பெயர் வரவில்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பணத்தாலும் விசாவாலும் தேர்வானவர்கள் பின்வாங்குவது நடப்பதுதான், சில நேரம் கிளம்புவதற்குச் சில மாதம் முன்புகூட. அப்போது ஒருங்கிணைப்பாளர் தேடுவது, பாட ஒப்புதலும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் தயாராக வைத்திருக்கும் ஒருவரை.